உச்சிவெயிலில் வரைபடம், சாயங்காலம் சுவர்

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மதுரையில் ஓர் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடந்த குறுகிய காலக் கட்டுமானப் பயிற்சியில் சேர்ந்தேன்.

தோப்புக்காரருக்கு ஒரு மோட்டார் ரூம் தேவைப்பட்டது. வரைவதும் நாங்கள், கட்டுவதும் நாங்கள். விடிந்ததும் கட்டு வேலை, உச்சிவெயிலில் மரத்தடியில் வரைபடம், சாயங்காலம் மறுபடியும் சுவர்.

எலிப்பொறிக் கட்டு என்ற முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்த வேண்டும். நீளவாக்கில் இரண்டு கல், நடுவில் மூன்று அங்குல இடைவெளி, அதை அடைத்தபடி குறுக்கே ஒரு கல். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் கல் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். மதுரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

முதல் வரிசையைச் சாந்து இல்லாமல் சும்மா அடுக்கச் சொன்னார் மேஸ்திரி. ஒரு நீளக்கல், ஒரு குறுக்குக்கல், இடையில் சாந்துக்கு இடம். மூன்றும் சேர்ந்தால் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அந்தக் கணக்கில் ஜன்னல் உட்காரவில்லை. “கல்லு என்ன அளவோ அதுதான் தாயி பிளான். கல்ல உடைக்கிறதுக்குப் பதிலா சன்னலத் தள்ளி வையி” என்றார். மதியமே வரைபடத்தில் ஜன்னலை நகர்த்தினோம். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்தும் புரியாத விஷயம் அந்த ஒரு வரிசையில் புரிந்தது.

அப்புறம், சாந்து இடைவெளிக்குள் விழக்கூடாது. அதற்கு மூன்று அங்குல அகலத்தில் ஒரு மரச்சட்டம். இடைவெளியை அதனால் மூடிக்கொண்டு சாந்து போட்டு, சட்டத்தை உருவி, கல்லை வைத்து, கொத்துக்கரண்டிப் பிடியால் ஒரு தட்டு. தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். இந்தத் தட்டு பழகத்தான் நேரம் எடுக்கும்.

எங்களோடு ஒரு சித்தாள் அக்காவும் கற்றுக்கொண்டார். வருஷக்கணக்காகக் கலவை சுமந்தவர். “பதமெல்லாம் எனக்குத் தெரியும்த்தா, கல்லு வைக்கத்தான் ஒருத்தரும் விடல” என்றார். அவர் வைத்த வரிசையில் நூல் கட்டிப் பார்த்தால் ஒரு கல்கூட விலகவில்லை. கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் நடுவே இருப்பது திறமை அல்ல, கரண்டியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

சேர நினைப்பவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டியதை முடிவில் இடித்துவிடுவார்களா, இல்லை யாராவது பயன்படுத்துவார்களா? நிற்கப்போகும் சுவர் என்றால்தான் மேஸ்திரியும் விடமாட்டார், நாமும் விடமாட்டோம். தை, மாசியில் நடப்பதாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஊறவைத்த கல்லே சீக்கிரம் உலர்ந்து, சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.