எங்கள் வீட்டுப் புகைக்காக வந்த கடிதம்

2018 ஜூன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வீடு வாங்கிய பிறகு எங்களுக்கு அது முதல் குளிர்காலம். மகனுக்கு இரண்டு மாதம். என்னைப் பார்த்துக்கொள்ள மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். அப்போதுதான் மண்டலக் கவுன்சிலிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. உங்கள் புகைபோக்கியிலிருந்து அதிகமாகப் புகை வருவது தெரியவந்திருக்கிறது, விறகை எப்படி எரிக்க வேண்டும் என்று சொல்லித்தர எங்களால் முடியும், இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரோ நம் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் முதலில் மனத்தில் நின்றது. குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று ராத்திரி முழுவதும் வுட் பர்னரை, அதாவது வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பை, எரியவிட்டது அவ்வளவு பெரிய தப்பா?

பதற்றத்தில் நான் முதலில் கூப்பிட்டது நகரக் கவுன்சிலை. இங்கே கவுன்சில் இரண்டு உண்டு என்பது வந்த புதிதில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. வீட்டு வரியை நகரக் கவுன்சில்தான் வசூலிக்கிறது, ஆனால் அதே பில்லில் மண்டலக் கவுன்சிலின் பங்கும் சேர்ந்து வரும். சிவப்பு, மஞ்சள், பச்சைக் குப்பைத் தொட்டிகள், தெரு, குடிநீர்க் குழாய், கட்டட அனுமதி எல்லாம் நகரக் கவுன்சில். காற்று, ஆறு, நிலத்தடி நீர், வெள்ளத் தடுப்பு ஆகியவை என்விரான்மென்ட் கேன்டர்பரி என்ற மண்டலக் கவுன்சிலின் பொறுப்பு. பேருந்தை நடத்துவது மண்டலம், அந்தப் பேருந்துக்கு நாம் காத்து நிற்கும் நிறுத்தம் நகரத்துடையது. 1989ல் உள்ளாட்சிகளைத் திருத்தி அமைத்தபோது வந்த ஏற்பாடு இது. 1991ன் வள மேலாண்மைச் சட்டம் காற்றையும் நீரையும் மண்டலத்தின் கையில் கொடுத்தது. "புகை அவர்களுடையது, ஆனால் அடுப்பை மாற்றுவதென்றால் எங்களிடம் வாருங்கள்" என்று தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பின்னால் எனக்கு ரொம்பவே உதவியது.

சரி என்று மண்டலக் கவுன்சிலைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

அபராதச் சீட்டை எதிர்பார்த்து நின்றேன். அவரோ பர்னரைக்கூடப் பார்க்காமல் நேராகக் கொல்லையில் இருந்த விறகுக் குவியலுக்குப் போனார். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிந்த உட்பக்கத்தில் இரண்டு ஊசி வைத்த ஒரு சின்ன மீட்டரைக் குத்தினார். ஈரம் 38 சதவீதம் என்று காட்டியது. 25க்குக் கீழே இருக்க வேண்டுமாம். மே மாதம்தான் ஒருவரிடம் "நன்றாகக் காய்ந்தது" என்ற பேச்சை நம்பி வாங்கிய பைன் விறகு அது. பின்னாலேயே வந்து நின்ற அம்மா, மொழி புரியாமலே இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். மொத்தென்று சத்தம் வந்தது. "காஞ்ச விறகுன்னா டங்குன்னு கேக்கணும்டி. இது ஈரம். நான் வந்த அன்னிக்கே சொல்லலாம்னு நெனச்சேன், கண்ணாடி அடுப்பாச்சே, வேற மாதிரி போலன்னு விட்டுட்டேன்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வந்தவர், தாங்களும் தட்டிப் பார்க்கத்தான் சொல்கிறோம் என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னது ஒவ்வொன்றும் எங்கள் பழக்கத்துக்கு நேர் எதிராக இருந்தது. நாங்கள் தூங்கப் போகுமுன் பர்னர் நிறைய விறகைத் திணித்து, காற்றுத் துவாரத்தை மூடிவிடுவோம். விடியும்வரை கனன்றுகொண்டே இருக்கும் என்ற நினைப்பு. காற்றில்லாத நெருப்பு எரியாது, புகையும். மறுநாள் கண்ணாடிக் கதவு கறுத்துக் கிடந்ததற்கும் அதுதான் காரணம். பற்றவைக்கும்போது பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, மேலிருந்து நெருப்பு வைக்க வேண்டும். கீழே கிளம்பும் புகை மேலே இருக்கும் ஜுவாலைக்குள் போய் எரிந்துவிடும். பற்றவைத்த 15 நிமிடத்துக்குள் வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள், அதன் பிறகு கண்ணுக்குத் தெரிகிற புகை இருக்கக் கூடாது என்றார்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்பது இந்த ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் புரியும். கிறைஸ்ட்சர்ச் ஒரு சமவெளி, தெற்கே போர்ட் ஹில்ஸ் குன்றுகள். காற்றே வீசாத குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல அதை அமுக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளின் புகை அந்த மூடிக்குக் கீழே நிற்கும். வானத்தில் நட்சத்திரம் துல்லியமாகத் தெரிகிற ராத்திரிகளில்தான் இங்கே காற்று மிக மோசமாக இருக்கும். 10 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டரில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2004ல் வந்த தேசிய அளவுகோல். என் மகன் மூச்சுவிடுவதும் அதே காற்றைத்தான். அவனுக்காக என்று நினைத்து நான் செய்தது அவனுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

போகும்போது அவர் வீட்டுக்கடியில் கிடந்த பலகைத் துண்டுகளைக் கவனித்தார். முந்தைய உரிமையாளர் முற்றத் தளம் போட்டு மிஞ்சியவை, லேசாகப் பச்சையோடிய பைன். நாங்கள் அதிலும் கொஞ்சம் எரித்திருந்தோம். அவர் முகம் மாறியது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் அது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை ஊர் வழக்கப்படி அம்மா கீரைப் பாத்தியில் தூவியிருந்தார். அன்று சாயங்காலமே பாத்தியின் மேல்மண்ணைச் சாம்பலோடு அள்ளிக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். கீரையைச் சமைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: பெயின்ட் அடித்த மரம், மருந்தேற்றிய மரம் எதையும் அடுப்பில் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயமும் அன்றுதான் தெரிந்தது. நகர எல்லைக்குள் எங்களுடையது போன்ற பர்னருக்கு 15 வருடம்தான் ஆயுள் என்பது அப்போதைய விதி. நகரக் கவுன்சிலில் எங்கள் வீட்டின் ஃபைலை வாங்கிப் பார்த்தோம். பர்னர் வைத்தது 2004. ஆக, 2019 வரைதான். பிறகு மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைக்கலாம், அல்லது மிகக் குறைந்த புகை விடும் புது வகை பர்னர் வைக்கலாம். ஹீட் பம்ப் சுலபம். ஆனால் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்துக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விறகையே தேர்ந்தெடுத்தோம். பணத்துக்கு மண்டலக் கவுன்சிலின் ஹெல்தியர் ஹோம்ஸ் கேன்டர்பரி திட்டம் கைகொடுத்தது. அப்போது 6,000 டாலர் வரை கவுன்சில் முன்பணம் தந்தது, அதை 9 வருடத்தில் வரியோடு சேர்த்துக் கட்டலாம் என்றிருந்தது.

கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்பதைப் பொருத்துபவரே பார்த்துக்கொண்டார். வேலை முடிந்ததும் நகரக் கவுன்சில் தரும் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது தேவைப்படும். நாங்கள் பிப்ரவரியில், கோடையிலேயே முடித்துவிட்டோம். குளிர் தொடங்கியபின் ஆள் கிடைப்பது கஷ்டம்.

விறகை அதற்கும் முன்னால், நவம்பரிலேயே வாங்கி வீட்டின் வடக்குச் சுவர் ஓரமாக அடுக்கினோம். இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் விழும். கட்டைகளுக்கிடையே காற்றுப் போக இடம்விட்டு, மேலே மட்டும் தகரம். மே மாதம் முதல்முறை பற்றவைத்த அன்று கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றார். பன்னிரண்டாவது நிமிடம் உள்ளே வந்து, "ஒண்ணும் தெரியல" என்றார். அம்மா மன்னார்குடியிலிருந்து வீடியோ காலில் இருந்தார். "கட்டையைத் தட்டிக் காட்டுடி" என்றார். போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினேன்.