வந்துவிடும் மேடம்

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்றும் பல முறை கேட்டுக்கொண்டுவிட்டேன்.

2020 ஏப்ரல் 13, அமெரிக்காவின் ஓஹையோவில் மாலை நான்கு மணி. சென்னையில் எனக்கு விடிந்தால் சித்திரை ஒன்று, நள்ளிரவு ஒன்றரை. ஊரடங்கில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் பாக்கியை வசூலிக்கும் எங்கள் ப்ரோசஸ் மொத்தமும் வீட்டுக்கு வந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் கம்பெனி கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் மறுநாள் பச்சடிக்காக அம்மா ஆய்ந்து வைத்த வேப்பம்பூக் கிண்ணம். ஆள் பற்றாக்குறையால் டீம் லீடான நானும் பேஷன்ட் கால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

லைனில் ஓஹையோவிலிருந்து ஒரு பெண்மணி. வயது 61. அவருடைய காப்பீட்டு கிளெய்ம் 27 என்ற மறுப்புக் கோடில் டினை ஆகியிருந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம்: சிகிச்சை நடந்த நாளில் காப்பீடு உயிரோடு இல்லை. அவர் வேலை பார்த்த கடையைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். கவரேஜ் 29-ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச் 9 அன்று நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்குப் போயிருக்கிறார். பேலன்ஸ் 1,840 டாலர். வேலை போன பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடர விடும் கோப்ராவும், கடையே இல்லாததால் கிடையாது. கணவரின் சம்பளம் இருப்பதால், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டும் கிடைக்காது என்று அவரே சொன்னார்.

மாதம் 75 டாலர் என்று பேசி முடித்தோம். வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார்: "இன்றைக்கு பெர்னியும் பைடனும் ஒன்றாகப் பேசினதைப் பார்த்தீர்களா? மெடிக்கேரை அறுபது வயதுக்கு இறக்குவதாக பைடன் சொல்கிறாரே. எனக்கு அறுபத்தொன்று. வந்துவிடுமா?"

65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் காப்பீடுதான் மெடிக்கேர். பெர்னி சாண்டர்ஸும் ஜோ பைடனும் அந்த வருடம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்கள். இந்தக் கேள்விக்கு ஸ்கிரிப்டில் பதில் இருக்கிறது. "இந்தக் கணக்கைப் பற்றி மட்டுமே என்னால் பேச முடியும்." நான் அதைச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களே, வந்துவிடும் மேடம்" என்றேன்.

"அப்படியென்றால் அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிவிடுகிறேன்" என்றார்.

அங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். வேலையோடு காப்பீடு போனால், அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் புதிதாக எடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. பிப்ரவரி 29-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 29. இன்னும் பதினாறு நாள் இருந்தது. எனக்குத் தெரியும், திரையிலேயே தேதி இருந்தது. நோட்ஸில் "பேமென்ட் பிளானுக்கு ஒப்புக்கொண்டார்" என்று டைப் செய்து அடுத்த காலுக்குப் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கும்போதெல்லாம் ஐந்து நாள் முந்தைய இரவுக்குத்தான் போகிறேன். ஏப்ரல் 8, பெர்னி சாண்டர்ஸ் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். எங்களுக்கு அப்போதுதான் ஷிப்ட் சூடு பிடிக்கிற நேரம். டீம் வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்று போட்டேன். அவருடைய திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே காப்பீடு, அரசுக் காப்பீடு. நூற்றுக்கணக்கான தனியார் கம்பெனிகள் இல்லை என்றால் நெட்வொர்க் சண்டை இல்லை, பாதி டினையல் இல்லை, டினையல் இல்லாமல், பாக்கியைக் கேட்டுக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் போன் போடும் ஏஆர் காலிங் எதற்கு? சென்னையில் எத்தனை மாடிகள் இரவெல்லாம் விளக்கெரிய இதே வேலையில் ஓடுகின்றன! "பெர்னி வந்தா நம்ம சீட்டு காலி" என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. அவர் விலகியதில் நிம்மதிப்பட்டேன். மறைக்க விரும்பவில்லை.

மறுநாளே பைடன், மெடிக்கேர் வயதை 65-லிருந்து 60-க்குக் குறைப்பேன் என்றார். சாண்டர்ஸின் ஆட்களைத் தன் பக்கம் இழுக்கத்தான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. எங்களுக்கு அதில் பயமில்லை, தனியார் கம்பெனிகள் அப்படியே இருக்கும். அந்த அம்மாவுக்கு நான் மனசார வாழ்த்த முடிந்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்குச் செலவில்லாத நல்லது அது. பெரிய நல்லது வரவில்லை என்று நிம்மதிப்பட்ட குற்ற உணர்ச்சியில், இந்தச் சின்ன நல்லதையாவது கொடுத்துவிடலாம் என்று வாய் முந்திக்கொண்டதோ என்னவோ.

ஆனால் நான் சொன்னது ஆதாரமே இல்லாத பேச்சும் இல்லை. 2008-ல் இந்த வேலைக்கு வந்த புதிதில் பார்த்தது நினைவிருக்கிறது. எல்லாருக்கும் காப்பீடு, எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற திட்டத்தை அதே கட்சியின் 2008 வேட்பாளர் போட்டியில் முதலில் விரிவாக வைத்தவர் ஜான் எட்வர்ட்ஸ், 2007 பிப்ரவரியில். பிறகுதான் ஒபாமா மே மாதமும் ஹிலாரி செப்டம்பரிலும் தங்கள் திட்டங்களைச் சொன்னார்கள். எட்வர்ட்ஸ் 2008 ஜனவரி 30 அன்று விலகினார், ஹிலாரி ஜூனில். பெரியவர்களுக்குக் கட்டாயம் கூடாது என்று ஹிலாரியோடு மேடைக்கு மேடை வாதாடியவர் ஒபாமா. 2010 மார்ச் 23 அன்று அவரே கையெழுத்துப் போட்ட சட்டத்தில் அந்தக் கட்டாயம் இருந்தது. தோற்றவர்களின் திட்டம் ஜெயித்தவரின் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்ததை நான் என் வேலையிலேயே பார்த்தேன். ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லிப் பணம் மறுக்கும் 51-ஆம் கோடு, 2014-க்குப் பிறகு எங்கள் க்யூவில் அரிதாகிக்கொண்டே போனது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கோடைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

அதனால்தான் நம்பினேன். ஆனால் அன்று நடந்ததும் 2020-ல் நடந்ததும் ஒன்றல்ல என்று பிறகு புரிந்தது. எட்வர்ட்ஸ் விலகியதால் எதுவும் நடக்கவில்லை. களத்தில் இருந்தபோதே மற்றவர்களை இழுத்துவிட்டிருந்தார். 2020 போட்டியில் இறங்கிய கமலா ஹாரிஸ் 2019 ஜூனில் மயாமி விவாதத்தில் தனியார் காப்பீட்டை ஒழிக்கக் கை தூக்கினார். அடுத்த நாளே கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார். பிறகு பத்து வருட அவகாசத்தோடு வேறொரு திட்டம் வைத்தார். டிசம்பர் 3 அன்று விலகியபோது அதைப் பற்றிப் பேச ஆளில்லை. சாண்டர்ஸ் கையில் லட்சக்கணக்கான ஓட்டு இருந்தது. பேரம் பேச முடிந்தது. இரு தரப்பும் சேர்ந்து குழு போட்டார்கள். மருத்துவக் குழுவுக்கு, இந்திய வம்சாவளியான விவேக் மூர்த்தியும் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் தலைமை. நம்ம ஊர்க்காரங்க என்று குரூப்பில் பெருமையாக ஃபார்வர்டு செய்தோம். ஜூலை 8 அறிக்கையில் அறுபது வயது இருந்தது. சாண்டர்ஸ் கேட்ட 'எல்லாருக்கும் மெடிக்கேர்' அதில் இல்லை.

தேர்தல் முடிந்தது, பைடன் ஆட்சி வந்தது. 2022 ஆகஸ்டில் மருந்து விலைச் சட்டம் வந்தது. மெடிக்கேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. நல்ல விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். வயது மட்டும் 65-லேயே நின்றுவிட்டது. விலகும் நாளில் ஒருவருக்கு இருக்கிற மதிப்பு இரண்டு வருடம் கழித்து இருப்பதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த அம்மாவின் கணக்கை 2020 ஆகஸ்டிலேயே மறுபடி பார்த்தேன். நான்கு 75 டாலர் வந்திருந்தது. புதிதாக இன்னொரு எமர்ஜென்சி விசிட், காப்பீட்டுக் கட்டத்தில் 'செல்ஃப் பே', அதாவது காப்பீடு இல்லை. ஏப்ரல் 29-க்குள் அவர் எதுவும் எடுக்கவில்லை. அதன் பிறகு கணக்கு கலெக்‌ஷனுக்குப் போனது.

என் பேச்சால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 61 வயதுக்காரருக்கு இளைஞரைவிட மூன்று மடங்கு வரை பிரீமியம் வாங்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கடை மூடிப்போன வீட்டில் அதைக் கட்டியிருப்பார்களா? கட்டியிருக்க மாட்டார்கள் என்று பாதி நாள் நினைக்கிறேன். மீதி நாள், "ஓட்டிவிடுகிறேன்" என்ற அந்தக் குரலில் இருந்த தெம்பு காதில் கேட்கிறது. அந்தத் தெம்பை நான் கொடுத்தேன்.

அந்த கால் ஆடிட்டுக்கும் வந்தது. பரிவாகப் பேசுவதற்கான பத்து மார்க்கில் பத்து.

அவர் பிறந்தது 1958 அக்டோபர். வயதால் வரும் மெடிக்கேர் 2023 அக்டோபரில் அவருக்கு வந்திருக்க வேண்டும். அதற்குள் அந்த கிளையன்ட் ஆஸ்பத்திரி எங்களைவிட்டுப் போய்விட்டதால் கணக்கைத் திறக்க வழியில்லை.

போன மாதம் புது பேட்ச் ஒன்றுக்கு வகுப்பு எடுத்தேன். பேஷன்ட் அரசியல் பேசினால் ஸ்கிரிப்டைத் தாண்டாதீர்கள், நம்பிக்கை கொடுக்காதீர்கள் என்றேன். பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "சார், அறுபது நாள் டெட்லைன் இருக்கிறதையாவது சொல்லலாமா?"

அதுவும் ஸ்கிரிப்டில் இல்லை. மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன். மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை ஃப்ளோருக்கு வருகிறாள்.