காலண்டர் தாளில் ஆயிரம் கொக்கு

"ஊர்வலம் எந்தத் தெருவுல கிளம்பி எந்தத் தெரு வழியா போவும்?" மனுவைக் கையில் வாங்கியதும் ஸ்டேஷன் ரைட்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். மனுவின் தலைப்பில் 'ஹிரோஷிமா தினம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவர் கண் அங்கே போகவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் வேலை பார்க்கிற எந்தப் போலீஸ்காரரும் முதலில் தெருவைத்தான் கேட்பார்.

2025 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து 80 வருஷம் ஆனது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரம் காகிதக் கொக்கு மடித்து, நூலில் கோர்த்து, அந்த ஊருக்கே தபாலில் அனுப்பினார்கள். பக்கத்து ஊர்களில் இருந்து இரண்டு மூன்று பேர் "எப்படிச் செஞ்சீங்க, எங்க அனுமதி வாங்கணும்" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். 2021 கடைசியில் அந்தத் திட்டம் தொடங்கியபோது என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் தெரு என்றால் சாதி. நான் மேலத்தெருக்காரி. என் திண்ணைக்கு மேலத்தெருப் பிள்ளைகள்தான் வந்தார்கள். கீழத்தெருவுக்குப் போய் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். "அனுப்புதோம் டீச்சர்" என்பார்கள், அனுப்ப மாட்டார்கள். ஒரு அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னார்: "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, தெரியும். உங்க தெருவுக்குள்ள அவன் நடந்து வரணும்லா?"

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைக் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடத்தில் சாதி காட்டும் கலர் கயிறு கையில் கட்டக் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. எனக்கு அந்தத் தேதி மனசில் தைத்துக்கொண்டது. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, ஆகஸ்ட் 9 நாகசாகி. நாகசாகி நாளில்தான் நாங்குநேரியும். உலக சமாதானத்தைப் பேச எங்கள் தாலுகாவுக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது என்று அப்போதே தோன்றியது. செய்வதற்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சடகோ சசாகியின் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னேன். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயசு. பத்து வருஷம் ஓடியாடித் திரிந்தவள், ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. மருந்து சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபர் 25-ல் பன்னிரண்டு வயசில் இறந்துபோனாள். ஆயிரத்தை முடிக்காமலே இறந்தாள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை, ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்று அவள் அண்ணனே சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அப்ப ஆயிரம் மடிச்சும் செத்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமா என்றேன். வகுப்பு ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்தது. சடகோ கூடப் படித்த பிள்ளைகள் காசு சேர்க்கத் தொடங்கியதையும், ஜப்பான் முழுக்க 3100-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் ஒன்பது வெளிநாடுகளும் கைகொடுத்து 1958-ல் ஹிரோஷிமாவில் சிறுவர் நினைவுச் சின்னம் எழுந்ததையும் அப்புறம் சொன்னேன். "நாமளும் அனுப்புவமா?" என்று கேட்டது அதே பிள்ளைதான்.

அனுப்பலாம். உலகம் முழுக்க இருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி கொக்குகள் அந்தச் சின்னத்துக்கு வருகின்றன. நேரில் போக முடியாதவர்கள் தபாலில் அனுப்பினாலும் ஹிரோஷிமா மாநகராட்சி வாங்கிக்கொண்டு அங்கே வைக்கிறது. யார் மடித்தது, எத்தனை பேர், எதற்காக என்று ஒரு தாள் எழுதி உள்ளே வைத்தோம்.

முதல் சிக்கல் தாளில் வந்தது. நாங்குநேரி ஸ்டேஷனரிக் கடையில் கலர் பேப்பர் கட்டு வாங்கி வந்து மேசையில் விரித்தேன். பையன்கள் கை நீட்டிய விதத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரு கூட்டம் இரண்டு கலரை மட்டும் எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இன்னொருவன் அந்தக் கலரைத் தொடவே மாட்டேன் என்றான். எட்டாம் வகுப்பு, பதிமூணு வயசு. எங்கள் பக்கம் கலர் வெறும் கலர் இல்லை. கொடிக்கம்பத்தில் இருக்கும், கையில் கட்டிய கயிற்றில் இருக்கும், பஸ் ஸ்டாப் சுவரில் இருக்கும். கட்டை அப்படியே சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் இரும்புக்கடை அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தபோது கடையின் பரணில் பழைய தினசரிக் காலண்டர்கள் கிடப்பது கண்ணில் பட்டது. கடைப் பெயர் போட்டு அடித்து, கொடுத்ததுபோக மிஞ்சியவை. 2023-ஆம் வருஷத்தது. "எலி கடிக்குறதுக்குப் பிள்ளைய மடிக்கட்டும், எடுத்துக்கோ தாயி" என்று நான்கு காலண்டரைத் தூக்கிக் கொடுத்தார். ஒன்றில் 365 தாள். மூன்றிலேயே 1095 வந்துவிடும், நாலாவது கிழிந்ததற்கும் தப்பாய் மடித்ததற்கும். தாள் மெல்லிசு, கை பழகாத பிள்ளைக்கும் மடிப்பு விழும். நீள்தாளை மூலைக்கு மூலை மடித்து, மிஞ்சும் பட்டையைக் கிழித்தால் சதுரம் கிடைத்துவிடும். எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற தாள் என்பதால் இது உன் கலர், அது என் கலர் என்ற பேச்சே எழவில்லை. மடித்து முடித்தால் ஒரு இறக்கையில் 'ராகு காலம்' இருக்கும், கழுத்தில் 'பிரதோஷம்' இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கொக்கு மட்டும் சிவப்பாய் இருக்கும்.

கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது 'ஆகஸ்ட் 9, புதன், ஆடி 24' என்ற தாள் கைக்கு வந்தது. எடுத்துத் தனியாக வைத்தேன். நாலு காலண்டரிலும் நாலு தாள். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்க மனசு வரவில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நானே மடித்தேன்.

இடம் பிடிப்பது அடுத்த வேலை. பள்ளிக்கூடத்தில் கேட்டோம். மேலிடத்து உத்தரவு இல்லாமல் வெளியாள் நிகழ்ச்சிக்கு விட முடியாது என்றார்கள். கோவில் மண்டபமா, சமுதாயக் கூடமா என்று பேச்செடுத்தால் எந்தத் தெருவினது என்ற கேள்வி பின்னாலேயே வரும். கடைசியில் மெயின் ரோட்டில் இருக்கிற கிளை நூலகம்தான் கைகொடுத்தது. நூலகர் சார் வாசகர் வட்டக் கூட்டமாகவே நடத்தலாம் என்று மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கித் தந்தார். நூலகம் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. ஜூலை முதல் வாரத்தில் வகுப்பையே அங்கே மாற்றினேன். திண்ணைக்கு மூணு வருஷமாக வராத கீழத்தெருப் பிள்ளைகள் பதினாலு பேர் முதல் நாளே வந்து நின்றார்கள். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இந்த முயற்சியில் எனக்கு மிஞ்சிய பெரிய வருத்தம் அதுதான்.

ஸ்டேஷன் வேலை லேசில் முடியவில்லை. நூலகத்துக்குள் கூட்டம் என்றால் தகவல் கொடுத்தால் போதும். ஊர்வலம், மைக் செட் என்று வந்தால் அனுமதி வேண்டும். நாள், நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார், மைக் செட் யாருடையது என்று எழுதி, ஆதார் நகல் வைத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது எங்கேயும் உள்ள விதி. ஜூலை 21 அன்று மனு கொடுத்தேன். ரைட்டர் கலந்துகொள்ளும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கேட்டார். தெரு வாரியாக எழுதுங்கள் என்றார். நான் அகர வரிசையில் எழுதிக் கொண்டுபோனேன். "இதுல யாரு எந்தத் தெருன்னு எப்படித் தெரியும்?" என்றார். "தெரிய வேண்டாம்னுதான் சார் இந்தக் கூட்டமே" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 27 ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் இருபத்தேழு வயசுப் பையன் ஒருவன் வெட்டிக் கொல்லப்பட்டான். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்ததால் ஆணவக் கொலை என்று மாவட்டமே கொந்தளித்தது. மறுநாள் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. "டீச்சர், ஊர்வலம் வேண்டாம். உள்ள வச்சு நடத்துங்க." வாதாடலாம் என்று போனேன். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லிப் பேசினார். "ரெண்டு தெருப் பிள்ளையும் ஒண்ணா நடந்து வரும்போது எவனாவது ஒருத்தன் கல்லெடுத்தா யார்மா பதில் சொல்றது?" எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஊர்வலத்தை விட்டுவிட்டோம். அவரவர் தெருவில் இருந்து அவரவர் வந்து நூலக வாசலில் சேரலாம், கோஷம் கூடாது என்று முடிவானது.

மடிப்பு இருபத்தாறு நாள் நடந்தது. ஒருநாள் ஒரு பையன் கேட்டான்: "கூடங்குளத்துல இருக்கதும் அணுதானே டீச்சர், அது வெடிக்குமா?" உலை வேறு, குண்டு வேறு, உலை குண்டு மாதிரி வெடிக்காது என்று விளக்கினேன். 1988-ல் சோவியத் ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தத்தில் வந்த உலை என்றும், கசிவுக்குப் பயந்து இடிந்தகரைக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள் என்றும் சொன்னேன். இரண்டையும் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் ஹிரோஷிமா பேச முடியாது. ஹிரோஷிமாவில் மட்டும் 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள் என்பதையும், தப்பியவர்கள் சேர்ந்து நடத்துகிற நிஹோன் ஹிடான்கியோ அமைப்புக்கு 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். எங்களுக்குப் பக்கம். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வரும். ஊர்க்காரர்களே பறவைகளைப் பிள்ளை மாதிரிக் காப்பார்கள், எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகும். "அது நம்ம ஊருக்கு வருது, நம்ம கொக்கு அவங்க ஊருக்குப் போவுது" என்று ஒருத்தன் சொன்னதைத்தான் எங்கள் கடிதத்தின் முதல் வரியாக எழுதினோம்.

இனிச் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். இறக்கையை விரிக்காமல் கோர்க்க வேண்டும், விரித்தால் பெட்டியில் அடங்காது. ஒரு சரத்துக்கு 40 கொக்கு, 25 சரம், அதுதான் அவர்கள் வழக்கம். சரத்தின் அடியில் முடிச்சு நழுவாமல் இருக்க குன்னிமுத்து கட்டலாம் என்றார்கள் பிள்ளைகள். விதை, செடி எதையும் வெளிநாட்டுப் பார்சலில் அப்படி வைக்க முடியாது. டெய்லர் மயினி சட்டைப் பட்டன் கொடுத்தார். நூல், பூக்கட்டுகிற வெள்ளை நூல். கையில் கலர் கயிறு கட்டிய பையன் ஒருவன் இருபத்தாறு நாளும் அதோடே வந்தான், அதோடே கோர்த்தான். நான் கழற்றச் சொல்லவில்லை. அவனும் கழற்றவில்லை. நூறுக்கு மேல் மடித்தது அவன்தான்.

அங்கே குண்டு விழுந்தது காலை 8.15. இப்போதைய நம் மணிக்கு விடியற்காலை 4.45. ஆகஸ்ட் 6 அன்று அந்த நேரத்துக்கு எழுந்து வாசல் தெளித்தேன். சாயங்காலம் சரங்களை நூலக வராந்தாவில் கட்டினோம். ஆடிக் காற்றை நான் கணக்கில் வைக்கவில்லை. அஞ்சேகாலுக்கு ஒரு வீச்சு வீசியது, மூன்று சரம் அறுந்து மெயின் ரோட்டில் பறந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எழுந்து கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ரோட்டில் குனிந்து கொக்குப் பொறுக்கியது. கண்டக்டர் சக்கரத்துக்கு அடியில் கிடந்த ஒன்றை எடுத்து ஊதிக் கொடுத்தார். எண்ணினால் 984. மீதி பதினாறை அங்கேயே உட்கார்ந்து மடித்தோம். என் பையில் இருந்த ஆகஸ்ட் 9 கொக்குகள் நாலையும் எடுத்துச் சேர்த்தேன், பிள்ளைகள் பன்னிரண்டு மடித்தார்கள்.

பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் சுங்கப் படிவத்தில் பொருளின் மதிப்பு எழுத வேண்டும். 'பூஜ்யம்' என்று எழுதினேன், ஏற்கவில்லை. நூறு ரூபாய் என்று போட்டேன். பெட்டி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. தபால் செலவு இரண்டு தெருவிலும் பத்து, இருபதாகச் சேர்ந்தது. கவுண்டரில் இருந்த அம்மா "உள்ள என்ன?" என்று கேட்டார். "காகிதக் கொக்கு" என்றேன். முத்திரை குத்துமுன் பெட்டியை ஒரு தடவை லேசாகக் குலுக்கிப் பார்த்தார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. செப்டம்பர் 21 சர்வதேச அமைதி நாள். அடுத்த வருஷம் அன்றைக்கு மெயின் ரோட்டில் மட்டும், நூலகத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடக்க அனுமதி கேட்கலாம் என்று நூலகர் சார் சொல்கிறார். இருநூறு மீட்டர்கூட இருக்காது. மனு எழுதி வைத்திருக்கிறேன்.