கழற்றத் தோன்றாத கண்ணாடி

துப்பாக்கி சுடும் ரேஞ்சில், சுடுபவர்கள் வரிசையாக நிற்கும் ஃபயரிங் லைனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர்களின் கையையும் முகத்தையும் பார்ப்பதுதான் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசரான என் வேலை. இலக்குத் தாள் பக்கம் என் பார்வை போவது குறைவு. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது, விரல் டிரிகருக்கு வெளியே இருக்கிறதா, காது மூடியிருக்கிறதா, பாதுகாப்புக் கண்ணாடி கண் மேல்தான் இருக்கிறதா என்று மாறி மாறிக் கவனித்தபடியே நேரம் போகும். இதில் நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பது கடைசி விஷயத்தைத்தான். "கண்ணாடியைப் போட்டுக்குங்க."

இத்தனைக்கும் கண்ணாடி இல்லாமல் யாரும் உள்ளே வருவதில்லை, விடவும் மாட்டோம். ஆனால் சுட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒருவருடையது நெற்றிக்கு ஏறியிருக்கும், இன்னொருவருடையது மேசையில் கிடக்கும். அவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. அந்தக் கண்ணாடி அவர்களை ஏதோ ஒரு விதத்தில் படுத்துகிறது, அவ்வளவுதான். அதனால் எந்தக் கண்ணாடி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் விலையிலோ நிறத்திலோ நான் தொடங்குவதில்லை. கடைசித் தோட்டாவைச் சுட்டு முடித்து, எல்லாத் துப்பாக்கியும் காலி என்று அறிவிப்பு வரும்வரை அது முகத்திலேயே இருக்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

அதற்கு முன்னால், கண்ணை நோக்கி என்னதான் வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இலக்கு எதிரே இருப்பதால் ஆபத்தும் எதிரேதான் என்று பலர் நினைக்கிறார்கள். எதிரிலிருந்தும் வரும், உண்மைதான். இரும்புத் தகடு இலக்கில் பட்ட ஈயத் தோட்டா நொறுங்கிச் சிதறும். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டான பெல்லட் கெட்டியான மரச்சட்டத்திலோ இரும்பிலோ பட்டால் திரும்பி வரும். பிபி எனப்படும் குட்டி இரும்பு உருண்டை என்றால் இன்னும் மோசம், ஈயம்போல அது நசுங்காது, வந்த வேகத்தில் பெரும்பங்கோடு திரும்பும். ஆனால் நான் பார்த்தவரை முகத்துக்கு வருவதில் பாதிக்கு மேல் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும்தான் வருகிறது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒவ்வொரு முறை சுட்டதும் தோட்டாவின் சூடான காலிக் கூட்டை வெளியே எறிகிறது. அது சுடுபவர்களுக்கு இடையே இருக்கும் தடுப்புப் பலகையில் பட்டுத் தெறித்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீய்ச்சும், சுடுகிறவரைவிடப் பக்கத்தில் நிற்கிறவருக்கே அது அதிகம் தெரியும். அபூர்வமாக .22 என்ற சிறு ரகத் தோட்டாவின் கூட்டு விளிம்பு கிழிந்தால் வாயு பின்னோக்கி, சுடுபவரின் முகத்துக்கே வரும்.

ஒரு பெண். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர், நல்ல நிதானம். நல்ல லென்ஸ்தான் போட்டிருந்தார். ஆனால் ஃபிரேம் அவர் முகத்துக்குப் பெரியது. புருவத்துக்கும் ஃபிரேமின் மேல்விளிம்புக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. காலிக் கூடு ஒன்று பலகையில் பட்டு மேலே எழும்பி, நேராக அந்த இடைவெளிக்குள் விழுந்து, கன்னத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. சூட்டில் அலறிவிட்டார். இடது கை கண்ணாடியைப் பிடுங்கப் போனது, வலது கையில் துப்பாக்கி, அதற்குள் இன்னும் தோட்டா. உடம்பு தானாகவே என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. மணிக்கட்டைப் பிடித்து, துப்பாக்கி வாயை இலக்கின் திசையிலேயே நிறுத்தி, இன்னொரு கையால் நானே அவர் கண்ணாடியை எடுத்தேன். கன்னத்தில் சின்னச் சிவப்புத் தழும்பு, வேறொன்றும் இல்லை. லைன் முழுக்க நின்றுபோனது. அந்த ஒரு நொடியில் அவருக்கு மட்டுமா ஆபத்து இருந்தது?

அதனால்தான் கண்ணாடி வாங்க வருபவர்களிடம், லென்ஸைப் பார்ப்பது அப்புறம், முதலில் இடைவெளியைப் பாருங்கள் என்பேன். ஃபிரேம் புருவத்தை ஒட்டி இருக்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணின் வெளி ஓரத்தைத் தாண்டி வளைந்து போக வேண்டும். கீழே கன்ன எலும்புக்கு அருகில் முடிய வேண்டும். தலையைக் குனிந்து உலுக்கினால் நழுவக் கூடாது. கூடவே முன்பக்க மடிப்புள்ள தொப்பியும் போட்டுக்கொண்டால் மேலிருந்து விழும் கூடு உள்ளே போகும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். இது பெரிய செலவு இல்லாத காரியம், ஆனால் செய்பவர்கள் குறைவு.

சரி, லென்ஸுக்கு வருவோம். வழக்கமாகப் போடும் பவர் கண்ணாடி போதாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். போதாது. அமெரிக்காவில் சாதாரணக் கண்ணாடி லென்ஸுக்கு இருக்கும் சோதனை, 16 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து அதன் மேல் விழ வைப்பது. அன்றாட வாழ்க்கைக்கு அது சரி. பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஆன்சி இசட்87.1 என்ற அமெரிக்கத் தரத்தில், பலமான மோதலைத் தாங்க வேண்டிய பிரிவுக்கு வேறு சோதனை. 6.35 மி.மீ. எஃகுக் குண்டை விநாடிக்குச் சுமார் 46 மீட்டர் வேகத்தில் லென்ஸ் மேல் எய்வார்கள், அரைக்கிலோ எடையுள்ள கூர்முனையை 127 செ.மீ. உயரத்திலிருந்து விழவும் வைப்பார்கள். தேறியதற்கு அடையாளம் 'இசட்87+'. அந்தக் கூட்டல் குறிதான் முக்கியம். ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த ஈஎன் 166 தரத்தில் இதற்கு நெருக்கமானது 'எஃப்' முத்திரை, 6 மி.மீ. குண்டு, விநாடிக்கு 45 மீட்டர். முத்திரை லென்ஸிலும் இருக்க வேண்டும், ஃபிரேமிலும் இருக்க வேண்டும். லென்ஸ் உடையாமல் ஃபிரேமிலிருந்து கழன்று கண்ணுக்குள் வந்தால் என்ன பிரயோஜனம்?

இங்கே ஒரு கணக்கை எல்லோரிடமும் சொல்வேன். அந்த எஃகுக் குண்டின் எடை ஏறத்தாழ ஒரு கிராம், அதன் ஆற்றல் ஒரு ஜூல் அளவுக்குத்தான் வரும். ஏர் ரைஃபிளின் 4.5 மி.மீ. பெல்லட் அரை கிராம்தான், ஆனால் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது அதன் ஆற்றல் ஏழு ஜூலைத் தாண்டும். ஆக, 'இசட்87+' போட்ட கண்ணாடி நேரடியாகச் சுட்டால் தாங்கும் என்று அந்த முத்திரை உத்தரவாதம் தரவில்லை. தெறித்து வரும் துணுக்குக்கும், வேகம் குறைந்து திரும்பும் பெல்லட்டுக்கும்தான் அது. இரும்புத் தகடு இலக்கில் அடிக்கடி சுடுகிறவர்களுக்கு அமெரிக்க ராணுவத் தரமான எம்ஐஎல்-பிஆர்எஃப்-32432 தேறிய கண்ணாடியைச் சொல்வேன். அதில் 0.15 அங்குலத் துண்டு ஒன்றை விநாடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வேகத்தில் எய்து பார்க்கிறார்கள். அதுவும் ஏழு ஜூல் கிட்ட வந்துவிடும்.

இந்தச் சோதனைகளைத் தாங்கும் கண்ணாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட்டில் செய்யப்படுகின்றன. உடைந்து சில்லாகாமல் குழியும் குணம் அதற்கு. புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். குறை என்னவென்றால் சீக்கிரம் கீறல் விழும், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் நுண்விரிசல் விடும். துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவம் நனைந்த துணியாலேயே கண்ணாடியைத் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

பவர் கண்ணாடி போடுகிறவர்களின் பாடுதான் தனி. அதிகம் கழற்றுபவர்களும் அவர்களே. பவர் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பெரிய கண்ணாடி போடலாம். எப்போதாவது வந்துபோகிறவர்களுக்கு நாங்கள் இலவசமாகக் கொடுப்பதும் அதுதான். ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஆவி படியும், வெளிச்சம் இரட்டையாகத் தெறிக்கும், காதை மூடும் இயர்மஃபுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கண்ணாடிக் காம்புகள். தொடர்ந்து சுடப்போகிறவர் பாதுகாப்பு ஃபிரேமிலேயே தன் பவரைப் போட்டு ஒரே கண்ணாடியாகச் செய்துகொள்வது நல்லது. பவர் அதிகம் என்றால் டிரைவெக்ஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் லென்ஸைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். ரைஃபிள் சுடும்போது கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதித்துத் தலையைச் சாய்க்கிறோம், அதனால் லென்ஸின் நடுவில் பார்ப்பதில்லை, மூக்கை ஒட்டிய மேல்மூலையில் பார்க்கிறோம். பாலிகார்பனேட்டில் அந்த மூலையில் விளிம்புகளைச் சுற்றி நிறம் பிரியும் நிறப்பிசிறு கொஞ்சம் தெரியும், டிரைவெக்ஸில் அது குறைவு. படுத்துச் சுடுகிறவர்களுக்கு ஃபிரேமின் மேல்கம்பியே பார்வைக்குக் குறுக்கே நிற்கும். அவர்களுக்கு மேல்விளிம்புக் கம்பி இல்லாத, உயரமான லென்ஸ் வேண்டும்.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வரும், பிஸ்டல்காரர்களுக்கு அது இன்னொரு சிக்கல். பிஸ்டலில் பளிச்சென்று தெரிய வேண்டியது முன்சைட், அதாவது குழலின் முன்நுனியில் இருக்கும் குறிபார்க்கும் முனை. கையை நீட்டினால் அது கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். தூரப்பார்வைக் கண்ணாடியில் அது மங்கும், படிக்கும் கண்ணாடியில் இலக்கே காணாமல் போகும். எங்கள் ரேஞ்சுக்கு வரும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பைஃபோகலின் கீழ்ப்பாதி வழியாக முன்சைட்டைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிச் சுடுவார். கழுத்து வலிக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். நான் சொல்லியும் பயன் இருக்காது. "ஐயா, உங்களுக்கு முன்சைட் தெரியலை, அதனாலதானே கழற்றுறீங்க?" என்று கேட்டேன். "ஆமாம்ப்பா, இதைப் போட்டா ரெண்டும் தெரியலை" என்றார்.

காலித் துப்பாக்கியை நிலையாகப் பிடிக்கச் சொல்லி, கண்ணிலிருந்து முன்சைட் வரை டேப் வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு கண் பரிசோதகரிடம் போனார். ஒரு மீட்டரில் கூர்மையாகத் தெரியத் தூரப் பவரோடு +1.00 கூட்ட வேண்டும், ஆனால் அப்படிச் செய்தால் இலக்கு ரொம்பவே கலங்கிவிடும். அதனால் நடுவில் நிற்கிற மாதிரி +0.50 அல்லது +0.75 கூட்டுவார்கள். முன்சைட் தெளிவாக இருக்கும், இலக்கின் கறுப்பு வட்டம் லேசாக மங்கினாலும் வட்டமாகவே தெரியும். பெரியவருக்கு +0.50 பொருந்தியது. சுடும் கண்ணுக்கு மட்டும் அந்தப் பவர், பாதுகாப்பு ஃபிரேமில். அதற்கப்புறம் அவரிடம் கண்ணாடியைப் போடச் சொல்ல எனக்கு வேலையே வரவில்லை.

போட்டியாளர்கள் போடும் ஒற்றை லென்ஸ் கண்ணாடி பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பியில் ஒரு வட்ட லென்ஸ், மறு கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு அதன் மேல் பெரிய ஆசை. குறிபார்க்க அது அருமையான கருவி. லென்ஸைச் சரியாகப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளலாம். மறைப்பு இருப்பதால் மறு கண்ணை இடுக்க வேண்டியதில்லை, முகத் தசை சோராது. சர்வதேச விதிப்படி அந்த முன்மறைப்பின் அகலம் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கறுப்பைவிட வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை மறைப்பு நல்லது. ஆனால் பக்கங்கள் முழுக்கத் திறந்தே இருக்கும், அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று நினைத்துவிடக் கூடாது. அதே சர்வதேச விதிகள்தான், சுடுபவர்கள் உடையாத கண்ணாடி போட்டுக்கொள்ளும்படியும் வலியுறுத்துகின்றன.

நிறத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததற்குக் காரணம், அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்று நான் நினைப்பதுதான். உள்ளரங்கில் நிறமற்றது. வெயிலில் சாம்பல். மேகமூட்டத்தில் மஞ்சள் எடுப்பாகக் காட்டும், நீல வெளிச்சத்தை வெட்டிவிடுவதால். ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்கள் மட்டும் ஊதா, செந்நிறம் என்று தேடுவதில் அர்த்தம் உண்டு. கறுப்புக் கண்ணாடியோடு உள்ளரங்கத்துக்குள் வருகிறவர் எப்படியும் கழற்றிவிடுவார், அதனால் வாசலிலேயே மாற்றிக் கொடுத்துவிடுவோம்.

காம்பு விஷயம் அதைவிட முக்கியம். தடித்த காம்பு இயர்மஃபின் மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே போகும். கண்ணைக் காப்பாற்றப்போய்க் காது போய்விடக் கூடாது இல்லையா? அரை மணி நேரத்தில் காதுக்கு மேலே வலியும் எடுக்கும். மெல்லிய, தட்டையான காம்பாகப் பாருங்கள். அதனால்தான் கண்ணாடி வாங்கப் போகும்போது இயர்மஃபையும் தொப்பியையும் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன். மூன்றையும் போட்டு, கையை நீட்டிக் குறிபார்க்கும் நிலையில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் அப்படியே மூச்சு விட்டால் ஆவி படிகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆவி படியாத பூச்சு உதவும், ஆனால் காற்று போய்வரச் சின்ன வழி இருக்கும் ஃபிரேம் அதைவிட உதவும்.

குழந்தைகளுக்கும் வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் இதே விதிதான். பெரியவர்களின் கண்ணாடி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மூக்கில் நிற்காது, சிறிய முகத்துக்கென்று தனி அளவு கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். ஏர் ரைஃபிள்தானே என்று பெற்றோர் சொல்வது எனக்கு எப்போதும் கவலை தருகிறது. மேலே சொன்ன ஏழு ஜூல் கணக்கு அந்த ஏர் ரைஃபிளுடையதுதான்.

ஒரு துணுக்கு பலமாகப் பட்ட கண்ணாடி, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றப்பட வேண்டியது. பார்வைக் கோட்டில் கீறல் விழுந்ததும் அப்படியே. தூசி படிந்த லென்ஸை உலர்ந்த சட்டை நுனியால் தேய்க்காமல் தண்ணீரில் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். சுட்டு முடித்த கையில் ஈயத்தூள் இருக்கும். முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் கண்ணாடியைக் கழற்றுங்கள், பிறகு கண்ணாடியையும் கழுவுங்கள்.