ஈசிம் போடப் போய் ஒரு நாள் நம்பரே இல்லாம இருந்தேன்

ஆபீஸ்ல புதுசா ஒரு சிம் கொடுத்தாங்க. கஸ்டமர் கால் எல்லாம் இனிமே இதுலதான் பேசணும், சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு ரூல். எனக்கு சந்தோஷம்தான், ராத்திரி பத்து மணிக்கு "மேடம் ஒரு டவுட்"னு ஃபோன் வராது பாருங்க. ஆனா என்கிட்ட இருக்கறது ஐஃபோன் 11, அதுல ஒரு சிம்தான் போட முடியும்னு மூணு வருஷமா நம்பிக்கிட்டு இருக்கேன். அதனால ஒரு வாரம் வீட்ல கிடந்த பட்டன் ஃபோன்ல ஆபீஸ் சிம்மைப் போட்டு ரெண்டு ஃபோனையும் தூக்கிட்டு சுத்துனேன், பெருங்குடில இருந்து வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோல வர்றப்ப பைக்குள்ள எது அடிக்குதுன்னு தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கட் ஆயிடும்.

பக்கத்து சீட் பொண்ணுதான் சொல்லுச்சு, "உங்க சொந்த நம்பரை ஈசிம் ஆக்கிடுங்கக்கா, அப்புறம் ஸ்லாட் காலியாயிடும், அதுல ஆபீஸ் சிம்மைப் போட்டுக்கோங்க"ன்னு. நல்ல ஐடியா. (ஈசிம்னா பிளாஸ்டிக் கார்டு இல்லாம ஃபோனுக்குள்ளயே இருக்கற சிம்.) நெட்ல தேடிப் பார்த்தேன், எந்த லிஸ்ட்டைத் திறந்தாலும் 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல இருந்து எல்லா ஐஃபோன்லயும் ஈசிம் உண்டுன்னு போட்டிருக்கு. என்னோடது 11, அதுக்கும் அப்புறம் வந்தது. அப்புறம் என்ன செக் பண்றது? அங்கதான் தப்பு பண்ணேன். லிஸ்ட்டைப் பார்த்தேனே ஒழிய கைல இருக்கற ஃபோனைப் பார்க்கல.

வியாழக்கிழமை சாயங்காலம் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டேன். எந்த கம்பெனின்னு சொல்லல, அது வேண்டாம். ஒரு எஸ்எம்எஸ், ஒரு ஈமெயில் ஐடி, "ஆமா நான்தான் கேட்டேன்"னு ஒரு கன்ஃபர்மேஷன், அவ்வளவுதான், பத்து நிமிஷத்துல மெயில்ல க்யூஆர் கோட் வந்துடுச்சு. உங்க ஃபோன் ஈசிம் தாங்குமான்னு நடுவுல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கல, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. தம்பி ஜியோ வச்சிருக்கான், அவன் மாத்துனப்போ முதல் மெசேஜ்லயே ஃபோனோட 32 டிஜிட் ஈஐடியும் (ஈசிம் சிப்போட அடையாள நம்பர்) 15 டிஜிட் ஐஎம்ஈஐயும் (ஃபோனோட அடையாள நம்பர்) சேர்த்து 199ங்கற நம்பருக்கு அனுப்பச் சொன்னாங்களாம். ஈஐடி இல்லாதவங்க அந்த இடத்துலயே முழிச்சுக்கிட்டு நின்னுடுவாங்க, இருக்கற சிம் செத்துப் போகாது. எனக்கு அந்தத் தடுப்பு இல்ல.

க்யூஆரை வீட்டுக்காரர் லேப்டாப்ல திறந்து வச்சு, என் ஃபோன்ல செட்டிங்ஸ் போய் மொபைல் டேட்டாவைத் தொட்டா, "ஆட் ஈசிம்"னு ஒரு வரி இருக்கணும்ல, இல்லவே இல்ல. மேல தள்ளிப் பார்க்கறேன் கீழ தள்ளிப் பார்க்கறேன், ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறேன், சாஃப்ட்வேர் அப்டேட் வேற பெண்டிங்ல இருந்துச்சு, அதனாலதான் வரல போலன்னு அதையும் போட்டு நாப்பது நிமிஷம் காத்திருந்தேன். (அப்டேட் போட்டா ஈசிம் வராதுங்க. அது போர்டுல பத்த வச்ச ஒரு குட்டி சிப், இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல.) கேமராவை நேரா க்யூஆர் மேல காட்டியும் பிரயோஜனம் இல்ல. இதுக்கு நடுவுல ஃபோன் மேல் மூலைல டவர் கோடு காணாம போயி "நோ சர்வீஸ்"னு வந்துடுச்சு. அவங்க பக்கம் நம்பரை ஈசிம்முக்கு மாத்திட்டாங்க. பழைய சிம் செத்துப் போச்சு, புது சிம் ஏற இடம் இல்ல.

அப்பதான் வீட்டுக்காரர் ஃபோன்ல இருந்து தம்பிக்குக் கூப்பிட்டேன், அவன் மதுரைல இருக்கான். "அக்கா, *#06# போட்டியா?"ன்னான். அது ஃபோன் தொலைஞ்சா போலீஸ்ல கொடுக்கற நம்பர் பார்க்கறதுக்குன்னு நெனச்சிருந்தேன். டயல் பேட்ல ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அடிச்சா கால் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே திரைல நம்பர் வந்துடுது. "என்ன வருது படி"ன்னான். ஐஎம்ஈஐ ஒண்ணு, ஐஎம்ஈஐ ரெண்டு. "ஈஐடின்னு 32 டிஜிட்ல 89ல ஆரம்பிச்சு ஒரு பெரிய நம்பர் இருக்கா?" இல்ல. "அப்ப ஈசிம் இல்லக்கா." இல்லடா, ரெண்டு ஐஎம்ஈஐ வருதே, ரெண்டு சிம்முக்கு இடம் இருக்குன்னுதானே அர்த்தம்னு நான் மல்லுக்கு நிக்கறேன். (அந்த வாதம் பாதி சரின்னு மறுநாள் தெரிஞ்சுது, இருங்க வரேன்.)

அடுத்து செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள அபௌட் போகச் சொன்னான். அங்க மாடல் நம்பர்னு ஒண்ணு இருக்கும், பார்த்தா ஏதோ எழுத்தும் நம்பரும் கலந்து கடைசில "இசட்ஏ/ஏ"ன்னு முடியுது. அது மேல ஒரு தட்டு தட்டுனா வேற நம்பரா மாறும், இதையும் அவன்தான் சொன்னான். மாறுச்சு, ஏ2223. அவன் அந்தப் பக்கம் தேடிப் பார்த்துட்டு சிரிக்கறான். ஐஃபோன் 11ல இந்தியால வித்தது ஏ2221, அமெரிக்காவுல ஏ2111, இந்த ஏ2223 வந்து சீனா, ஹாங்காங், மக்காவ் செட். இசட்ஏ ஹாங்காங்குக்கு, இந்தியா பீஸ்ல எச்என்னு இருக்கும். சீனால வித்த 11ல ஈசிம்மே வைக்கல. ஹாங்காங்லயும் 12 மினி மாதிரி சில மாடல்ல மட்டும்தான் இருக்கு, 11ல கிடையாது.

ஃபோன் நான் கடைல வாங்கல, ஆபீஸ் ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சவர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. "துபாய் பீஸ்"னு சொல்லிக் கொடுத்தாங்க. பாக்ஸ்ல வந்த சார்ஜர் மொத்தையா சதுர பின் மூணு வச்சது, நம்ம ஊர் பிளக்ல போகாது, துபாய்லயும் அதே பின்தானேன்னு நானும் நம்பி ஒரு அடாப்டரை வாங்கி சொருகிக்கிட்டேன். ஹாங்காங்லயும் அதே பின்னுன்னு யாருக்குத் தெரியும்.

சரி, க்யூஆரை உனக்கு அனுப்பறேன், உன் ஃபோன்லயாவது ஏத்தி நம்பரை உயிரோட வைடான்னு கேட்டேன். அவன்கிட்ட ஐஃபோன் 13, அதுல ரெண்டு ஈசிம் ஒரே நேரத்துல ஓடும். "ஏத்தலாம்க்கா, ஆனா உன் நம்பர் மதுரைக்கு வந்துடும், உனக்கு வர்ற கால் எல்லாம் நான் எடுக்கவா?"ன்னான். எங்க மேனேஜர் ஃபோன் பண்ணி அவன் எடுக்கறதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்த்தேன். வேண்டாம்னுட்டேன்.

வீட்ல இருக்கற மத்த ஃபோன்லயும் *#06# போட்டுப் பார்த்தாச்சு, எதுலயாவது ஏத்தலாமான்னு. வீட்டுக்காரரோட ரெட்மில ரெண்டு ஐஎம்ஈஐ, ஈஐடி இல்ல. மாமியாரோட சாம்சங் விலை கம்மி மாடல், அதுலயும் இல்ல. மாடில இருக்கற பையன் மட்டும் சாம்சங் எஸ்23 வச்சிருக்கான், அதுல ஈஐடி ஜம்முன்னு வந்துச்சு, கனெக்ஷன்ஸ் உள்ள சிம் மேனேஜர்ல ஆட் ஈசிம்னும் இருக்கு. ஆண்ட்ராய்டு வச்சிருக்கறவங்க இந்த ரெண்டையும் பாருங்க, நம்பரும் வரணும், மெனுவும் இருக்கணும். அந்த எஸ்23ல ரெண்டு சிம் ஸ்லாட்டும் இருக்கு, ஈசிம்மும் இருக்கு, ஆனா மொத்தத்துல ஒரே நேரத்துல ரெண்டுதான் ஓடும்னு அந்தப் பையன் சொன்னான். அவன் ஃபோன்ல என் நம்பரை ஏத்திட்டு நான் மாடிக்கும் கீழயும் ஏறி இறங்கவா முடியும்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஸ்டோருக்குப் போனேன். ஆதார் எடுத்துட்டுப் போங்க, நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்களே போகணும். அது என் பேர்ல இருந்துச்சு, பொழச்சேன், நிறைய வீட்ல நம்பர் அப்பா பேர்லதான் இருக்கும். கவுண்டர்ல போட்டோ எடுத்து, விவரம் ஏத்தி, திரும்ப சாதா பிளாஸ்டிக் சிம் ஒண்ணு கொடுத்தாங்க. கவுண்டர்ல இருந்த தம்பிக்கு இருபது வயசு இருக்கும், ஊசியால ஃபோன்ல இருந்து ட்ரேயை வெளிய இழுத்தான், இழுத்துட்டு திருப்பி திருப்பிப் பார்க்கறான்.

"அக்கா, ஈசிம் எதுக்கு கேட்டீங்க?"

ரெண்டாவது சிம் போடணும்பா, இதுல ஒரு ஸ்லாட்தானேன்னேன்.

"இதுல ரெண்டு போடலாமேக்கா."

ட்ரேயைக் கவுத்துக் காட்டறான். மேல் பக்கம் ஒரு சிம் உக்கார்ற பள்ளம், பின் பக்கமும் அதே மாதிரி இன்னொண்ணு. ஈசிம்முக்கு பதிலா அந்த ஊர் செட்டுக்கு முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு நானோ சிம் போடற மாதிரி பண்ணியிருக்காங்க. அந்த ரெண்டாவது ஐஎம்ஈஐ இதுக்குத்தான். மூணு வருஷம் அந்த ஃபோனை வச்சிருந்தேன், ட்ரேயை நானே ரெண்டு தடவை வெளிய எடுத்திருக்கேன், ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்க்கல. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, அந்தத் தம்பி பாவம், சிரிப்பை அடக்கிக்கிட்டு "ஆபீஸ் சிம் கைல இருக்காக்கா?"ன்னு கேட்டு அதையும் அங்கயே பின்னாடி போட்டுக் கொடுத்துட்டான். அஞ்சு நிமிஷ வேலை. முந்தின நாளே ஒரு ஊசி எடுத்து குத்தியிருந்தா ஓசில முடிஞ்சிருக்கும்.

கதை இதோட முடியலைங்க. சாயங்காலம் கால் வர ஆரம்பிச்சுது, டேட்டா வந்துச்சு, ஆனா எஸ்எம்எஸ் வரல. சிம் மாத்துனா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் போகாது வரவும் வராது, யாராவது திருட்டுத்தனமா நம்ம நம்பருக்கு சிம் வாங்கி ஓடிபி எடுத்துடக் கூடாதுன்னு அப்படி நிறுத்தி வைக்கறாங்க. நல்ல ஏற்பாடுதான், ஆனா அன்னைக்கு நமக்கு எவ்வளவுக்கு ஓடிபி தேவைப்படுதுன்னு பாருங்க. சனிக்கிழமை காலைல கேஸ் சிலிண்டர் வந்து நிக்குது, அண்ணன் கோடு நம்பர் கேட்கறாரு, அது எஸ்எம்எஸ்ல வரும், எனக்கு வரல. "நேத்து சிம் மாத்துனேங்கண்ணா, மெசேஜ் வராது"ன்னா அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கறாரு. கடைசில "சாயங்காலம் இந்தப் பக்கம் வருவேன், அப்ப சொல்லுங்க"ன்னு சிலிண்டரைத் திரும்ப வண்டில ஏத்திட்டாரு. பேங்க் ஆப் வேற புது சிம்னு கண்டுபிடிச்சு முதல்ல இருந்து ரிஜிஸ்டர் பண்ணச் சொல்லுச்சு, அதுக்கும் எஸ்எம்எஸ்தான் போகணும். அன்னைக்கு மளிகைக்கடைல மூணு வருஷத்துக்கு அப்புறம் காசா எடுத்துக் கொடுத்தேன், அந்தக்கா சில்லறை இல்லன்னு ரெண்டு சாக்லேட் கொடுத்தாங்க.

அதனால ஈசிம்முக்கு மாத்தறதா இருந்தா, ஃபோன் நிஜமா தாங்கற ஃபோனாவே இருந்தாலும், வாடகை, ஈஎம்ஐ, டிரெயின் டிக்கெட் இதெல்லாம் இருக்கற நாள்ல மாத்தாதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்கன்னா காசு கொடுக்கறதுக்கு முன்னாடி விக்கறவர் முன்னாலயே *#06# போடுங்க, அப்படியே அபௌட்ல கேரியர் லாக்னு (ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டியிருக்கான்னு காட்டறது) ஒரு வரி இருக்கும், அதுல "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்"னு இருக்கணும், வெளிநாட்டு செட்ல அது முக்கியம். அப்புறம் கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம், உங்க சிம்மை ஈசிம் ஆக்கித் தரோம், வர்ற க்யூஆரை எங்களுக்கு அனுப்புங்கன்னு எவனாவது கூப்பிட்டா வச்சுடுங்க. என் நம்பர் மதுரைக்குப் போயிருக்கும்னு தம்பி சொன்னான்ல, அதையே அந்த மோசடிக்காரன் திருட்டு வேலையா பண்றான்.

போன வாரம் அத்தை கூப்பிட்டாங்க, பேரன் சிங்கப்பூருக்குக் கூப்பிடறான், அங்க ஈசிம் போட்டுக்கலாம்கறான், என் ஃபோன்ல வருமா பாருடின்னு. *#06# போடச் சொன்னேன். "பெரிய நம்பர் வருதுடி, 89ல ஆரம்பிக்குது"ன்னாங்க. இருக்குத்தை, ஆனா அந்த நம்பரை யாருக்கும் அனுப்பாதீங்கன்னு நான் சொல்லி முடிக்கல, ஃபேமிலி குரூப்ல ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்துடுச்சு, கீழ சித்தப்பா கைகூப்பி "வாழ்த்துக்கள்"னு போட்டிருக்காரு.