நுளம்பு பாடுவது ஐந்து கட்டையில்

திருகோணமலையில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பதுதான் என் தொழில். நுளம்புக் குடம்பி, அதாவது நுளம்பின் புழு, இருக்கிறதா, எத்தனை பாத்திரத்தில், எந்த இனம் என்று படிவத்தில் நிரப்பி, குடம்பிகளைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு வந்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். திருக்கடலூரில் கரையேற்றி வைத்த படகுக்குள் தேங்கிய மழைத்தண்ணீர், பாலையூற்றில் கோழிக்குத் தண்ணி வைத்த சட்டி, பூச்சாடிக்கு அடியில் வைக்கிற தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. மாரி தொடங்கினால் மூச்சு விட நேரமிருக்காது. வாடைக்காற்றோடு மழை வந்து ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் எங்களுக்குப் பதற்றமான காலம்.

இந்த வேலைக்கும் சலங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் ஒரு நாள் காலை பத்து மணி வரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையென்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று உவர்மலைப் பக்கம் ஒரு நடன ஆசிரியையின் வீடு. வாசலில் மணிப்பிளான்ட் வளர்த்த போத்தலில் குடம்பி இருந்தது. அதைக் காட்டியதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும், வீடு அழுக்கென்று சொல்லிவிட்டதாக நினைப்பார்கள். சமாதானப்படுத்துவதற்காக, என் பையிலிருந்த குழாயில் அடைத்து வைத்திருந்த வளர்ந்த நுளம்பு ஒன்றைக் கைவில்லையோடு அவரிடம் கொடுத்தேன். "முதுகைப் பாருங்கோ அக்கா, வெள்ளைக் கோடு தெரியுதா? அந்த வடிவத்தில் கோடு இருந்தால் டெங்கு பரப்புகிற ஈடிஸ் எகிப்தி." அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இது யாழ் எல்லோ!"

உண்மைதான். ஈடிஸ் எகிப்தியின் முதுகில் இருப்பது யாழின் வடிவம். வளைந்து போகிற இரண்டு கை, நடுவில் நரம்பு மாதிரி இரண்டு மெல்லிய கோடு. அதன் உறவுக்கார இனமான ஈடிஸ் அல்போபிக்டஸுக்கு நடுமுதுகில் ஒரே ஒரு கோடுதான். பயிற்சியில் எங்களுக்கு அதை அடையாளக் குறியாகச் சொல்லித் தந்தார்கள், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகள் நடமாடிய ஊரில் இருந்துகொண்டு, ஒரு பூச்சியின் முதுகில் யாழ் இருப்பது ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்த உற்சாகத்தில் நான் வாசித்து வைத்திருந்த ஒன்றை அவரிடம் சொன்னேன். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டது. ஈடிஸ் எகிப்தியின் பெண் நுளம்பு விநாடிக்கு ஏறத்தாழ 400 தரம் சிறகடிக்கும், ஆண் ஏறத்தாழ 600 தரம். காதருகே நாம் கேட்கிற அந்த "நொய்ங்" இதுதான். ஆணையும் பெண்ணையும் கிட்டக் கொண்டுபோனால் இரண்டும் தங்கள் சிறகடிப்பைக் கூட்டிக் குறைத்து, இரண்டு ஒலிக்கும் பொதுவான ஒரு மேல் ஒலியில், கிட்டத்தட்ட 1200இல், போய்ச் சேர்ந்தனவாம். பெண்ணின் ஒலியை மூன்றால் பெருக்கினால் 1200, ஆணின் ஒலியை இரண்டால் பெருக்கினாலும் 1200. அவ்வளவு உயர்ந்த ஒலி நுளம்புக்குக் கேட்கும் என்றே அதற்கு முன் நினைத்திருக்கவில்லை. இந்தச் சேர்க்கையில் எவ்வளவு தற்செயல் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆணுக்குக் காது முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. 2024இல் கலிபோர்னியாவில் மரபணுவை மாற்றிக் காது கேளாமல் ஆக்கிய ஆண் நுளம்புகளைப் பெண்களோடு ஒரே கூட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை இணைசேரவே இல்லை.

நடன ஆசிரியை உடனே தன் தோழியான வயலின் ஆசிரியைக்குப் போன் எடுத்தார். "400உம் 600உம்" என்று சொன்னதுதான், அந்தப் பக்கத்தில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, "இரண்டுக்கு மூன்று. அப்ப அது ஷட்ஜமும் பஞ்சமமும்" என்றார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. அவர்தான் விளங்கப்படுத்தினார். ஷட்ஜம் என்றால் ஸ, பஞ்சமம் என்றால் ப. ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிற பெண்பிள்ளைக்கு மேல் ஸ்தாயி ஷட்ஜம் விநாடிக்கு 392 அதிர்வு, பெண் நுளம்பு அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஆண் அதன் பஞ்சமத்தில். இரண்டும் சந்திப்பதாகச் சொல்கிற இடம் இன்னும் ஒரு ஸ்தாயி மேலே உள்ள பஞ்சமம். தம்புராவில் முதல் தந்தியும் மற்றத் தந்திகளும் சேருகிற அதே உறவு. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, இத்தனை வருடம் ஒழிக்க வேண்டும் என்று மட்டுமே பார்த்த ஒன்று சுருதி சேர்த்துக்கொண்டு பறந்திருக்கிறது.

சரி, கேட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். இரத்தமே குடிக்காத, நான் குடம்பியிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு பெண் நுளம்பைக் குழாயோடு ஐஸில் வைத்து மயக்கி, முதுகில் மெல்லிய ஊசி முனையைத் துளி பசையால் ஒட்டினோம். யாழுக்கு மேலே பசை வைத்தபோது என் கை நடுங்கியது. கால் எதிலாவது பட்டுக்கொண்டிருக்கும்வரை அது பறக்காது, ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். கடதாசியை இழுத்தால் உடனே சிறகு தொடங்கிவிடும். காற்றாடியை நிறுத்தி, சன்னலைப் பூட்டி, போனின் மைக்கைப் பக்கத்தில் பிடித்தோம். ட்யூனரில் முள் ஐந்தரைக் கட்டைக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. எங்கேயோ பிழை விட்டுவிட்டோமோ என்று வயலின் ஆசிரியை பயந்தார். பிழையில்லை, பூட்டிய அறை வெக்கை. சூடு கூடக் கூடச் சிறகடிப்பும் கூடும். கச்சான் காற்றடிக்கிற திருகோணமலையில் மத்தியானம் இரண்டு மணிக்கு நுளம்பும் அரைக் கட்டை ஏற்றித்தான் பாடும்.

இதைப் பிள்ளைகளை வைத்து ஆடலாக்குவதென்று முடிவானது. அதை அமைப்பதுதான் நீண்ட வேலை. நடன ஆசிரியை முதலில் தாளத்தைப் பிடித்தார். ஆறு மாத்திரைக்குள் பெண் இரண்டு அடி, ஆண் மூன்று அடி. பெண்ணுக்குத் தகிட தகிட, ஆணுக்குத் தக தக தக. இரண்டும் தனித்தனியே ஓடி ஆறு முடிந்ததும் ஒரே இடத்தில் விழும். எழுத்தில் இலகு. பன்னிரண்டு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தினால், ஐந்தாவது ஆவர்த்தனத்தில் எல்லோரும் ஒரு பக்கத்துக்கு இழுபட்டுப் போவார்கள். பக்கத்தில் கேட்கிற தாளத்துக்குக் காது போய்விடும். மூன்று வாரம் அதே ஆறு மாத்திரை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெளியே மான் ஒன்று மதிலோரம் மேய்ந்துகொண்டிருக்க, முதல் தடவையாகப் பன்னிரண்டு பாதமும் ஒரே சத்தமாக விழுந்தது. பிள்ளைகள் தாங்களே திகைத்து நின்றுவிட்டார்கள்.

கைகளுக்கும் யோசனை தேவைப்பட்டது. தேனீக்கும் வண்டுக்கும் பிரமரம் என்ற கைமுத்திரை இருக்கிறது, நுளம்புக்கென்று ஹஸ்தம் இல்லை. ஆணின் உணர்கொம்பு இறகு மாதிரி விரிந்திருக்கும், அதன் அடியில் உள்ள ஜோன்ஸ்டன் அங்கம்தான் காது. அந்தச் சின்ன இடத்தில் ஏறத்தாழ 15,000 உணர்கலம் என்று நான் சொன்னதும், அக்கா இரண்டு கையிலும் விரல்களை விரித்து அலபத்மம் பிடித்துக் கன்னத்தருகே மெல்லச் சுழற்றினார். பெண்ணுக்கு ஒரு விரல் நீட்டுகிற சூசி போதும், அதன் கொம்பு ஒல்லி. ஆண் கடிக்காது, பூந்தேன் மட்டும் குடிக்கும் என்பது அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

குடம்பிக்கு ஆட்டம் தந்தவர் மூதூர்ப் பக்கத்தில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர். வெள்ளைத் தட்டில் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து கீழே ஓடுகிறதைக் காட்டினேன். தமிழ்நாட்டில் இதைக் கூத்தாடி என்றுதான் சொல்வார்கள் ஐயா என்றேன். அவர் தட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பேர் வச்சவன் கூத்துப் பார்த்தவன்தான் மகள்" என்றார். மத்தளத்தை எடுத்து, தட்டில் குடம்பி நெளிகிற வேகத்துக்கே தட்டத் தொடங்கினார்.

இதற்கு நடுவில்தான் அந்தத் தாய் வந்தார். ஒத்திகை முடிகிற நேரம். ஆடுகிற பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா. 2017இல் மூத்த மகளை டெங்குவில் இழந்தவர். அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு எங்களில் ஒருவருக்கும் மறக்காது. நான் அப்போது வேலைக்குப் புதிது, ஒரு நாளைக்கு எண்பது வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தத் தாய் சத்தம் போடவில்லை. "என்ர பிள்ளையக் கொண்டுபோனதுக்கோ தங்கச்சி நீங்க சலங்கை கட்டுறீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அறிவியல், விழிப்புணர்வு என்று நாங்கள் பேசிப் பழகிய எந்தச் சொல்லும் அந்த முகத்துக்கு முன்னால் நிற்காது. இன்றைக்கும் அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். மகளை நிறுத்திவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அடுத்த கிழமை அவரும் கூட வந்து மூலையில் உட்கார்ந்தார். மூன்றாவது நாள், நாங்கள் போனில் எடுத்த நுளம்பின் ஒலிப்பதிவைத் தனக்கும் கேட்கத் தரச்சொன்னார். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "இவ்வளவு மெல்லிசாவோ?" என்றார். கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். மகள் பெண் நுளம்பாக ஆடக்கூடாது, மற்றபடி ஆடட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அவள் குடம்பியாக ஆடினாள்.

நிதி தருவதாகச் சொன்ன இடத்தோடு எங்களுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் நுளம்பு அசுரனாக வந்து வதம் செய்யப்பட வேண்டும், பிள்ளைகள் பதாகை பிடித்து வாசகம் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அசுரனாகக் காட்டினால் சனம் அசுரனைத் தேடும், மணிப்பிளான்ட் போத்தலைத் தேடாது. இத்தனை வருடமாக வீட்டு வாசலில் நின்று பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். புகை அடிக்கிறவன் வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருக்கிற வீட்டில்தான் எனக்கு எப்போதும் குடம்பி கிடைக்கும். ஈரமில்லாமல் மாதக்கணக்கில் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கிற முட்டையைப் புகை என்ன செய்யும்? எங்கள் ஆடல் முட்டையில் தொடங்கி முட்டையில் முடிந்தது. கடைசியில் ஒரேயொரு பெண் நுளம்பு கறுப்புச் சட்டியின் விளிம்பைச் சுற்றி வந்து குந்தும், மத்தளம் நிற்கும், சுருதி மட்டும் கேட்கும். அதை மாற்றவில்லை. மூதூரில் நடக்கவிருந்த இரண்டாவது மேடை அதனால் இல்லாமல் போனது. அண்ணாவியாரின் ஊரில் ஆடவில்லையே என்பது இன்னும் எனக்கு மனக்குறை.

ஒரே ஒரு மேடை, ஒரு பாடசாலை மண்டபத்தில், இருபத்திரண்டு நிமிடம். வாசலில் மேசை போட்டு நுணுக்குக்காட்டியும் வெள்ளைத் தட்டும் வைத்தோம். ஆடல் முடிந்த பிறகு மண்டபத்தைப் பூட்ட வந்தவர் பொறுமையிழக்கும் வரை அந்த மேசையில் வரிசை குறையவில்லை. யாழைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள், இது எங்கே முட்டையிடும் என்று தாங்களாகவே கேட்டார்கள். வீட்டு வாசலில் நின்று அதே விஷயத்தை நான் சொல்லும்போது கதவைப் பாதி திறந்தபடி கேட்பவர்கள் இவர்கள்.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தாயின் வீடு என் பட்டியலில் வந்தது. பின்பக்கம் நீலப் பீப்பா ஒன்று, வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவரே கட்டை அவிழ்த்தார், நான் குனிந்து டோர்ச் அடித்தேன். சின்னவள் பக்கத்தில் நின்று பீப்பாவின் வயிற்றில் விரலால் தட்டத் தொடங்கினாள், தகிட தகிட, தகிட தகிட. பாதித் தண்ணீர் என்பதால் கடம் மாதிரிக் கேட்டது. தாய் நிறுத்தச் சொல்லவில்லை. துணியின் மறு நுனியைப் பிடித்தபடி தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தில் பூச்சியம் என்று எழுதினேன்.