கணினி அறிவியலில் முதுநிலை: இரண்டாம் ஆண்டைப் பார்த்து முடிவெடுங்கள்

பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டில் இருக்கும் மாணவர்கள் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுக்கும்போது பெரும்பாலும் கல்லூரியின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியா, திருச்சி என்.ஐ.டி.யா, சென்னை ஐ.ஐ.டி.யா, பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யா என்று மேலிருந்து கீழாக ஒரு வரிசை போட்டுக்கொண்டு, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் தேர்வின் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடலாம் என்பதே அவர்களுடைய திட்டமாக இருக்கிறது. இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்து, கேட் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி. ஒன்றில் ஆய்வுவழி எம்.எஸ். படித்தவன் என்ற முறையில் நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் உங்கள் நாள் எப்படிக் கழியப்போகிறது என்று விசாரித்தீர்களா? முதலாண்டு எங்கே சேர்ந்தாலும் வகுப்பு, அசைன்மென்ட், தேர்வு என்றே ஓடிவிடும். எம்.டெக்., எம்.எஸ்., எம்.எஸ்சி. ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு, வகுப்புகள் குறைந்து உங்கள் நேரம் உங்கள் கைக்கு வரும்போதுதான் தெரிய ஆரம்பிக்கிறது.

முதலில் வழக்கமான இரண்டாண்டு எம்.டெக். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் கேட் மதிப்பெண்ணுடன் சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அதற்கு ஈடாக வாரத்துக்கு 8 மணி நேரம் கற்பித்தல் உதவியாளராக வேலை பார்க்க வேண்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்றாலும், வீட்டில் கை நீட்டாமல் படித்துவிடலாம் என்பது சிறிய விஷயமில்லை. அந்த 8 மணி நேரத்தைப் பலர் தண்டம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நின்றுபோன நிரலுக்கு முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவனுக்குப் பின்னால் நின்று, அவன் எந்த வரியில் விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொடுகிறான் என்று கண்டுபிடித்துச் சொல்லும்போது, நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டர் என்பதை நாமே இரண்டாம் முறை கற்றுக்கொள்கிறோம்.

எம்.டெக். இரண்டாம் ஆண்டு, பெயரளவில் ஆய்வுத்திட்டத்துக்கானது. ஆனால் ஐ.ஐ.டி.களில் வளாக வேலைவாய்ப்புத் தேர்வின் முதல் கட்டம் டிசம்பர் 1-ஆம் தேதி வாக்கில் தொடங்குகிறது. அதற்கான நிரலெழுத்துத் தேர்வுகள் அதற்கு முன்பே வரிசையாக வந்துவிடுகின்றன. ஆகவே மூன்றாம் பருவத்தின் பெரும்பகுதியை ஆய்வுத்திட்டத்துக்கும் வேலைத் தேர்வுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்; இரண்டில் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல மென்பொருள் வேலைதான் குறிக்கோள் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதற்கு எம்.டெக். மிகப் பொருத்தமான வழி. ஆராய்ச்சியில் ஆர்வம் இருக்கிறது, ஆனால் பெயர் பெற்ற எம்.டெக். இடம் கிடைத்துவிட்டதே என்று சேர்பவர்களுக்குத்தான் இரண்டாம் ஆண்டு ஏமாற்றமாக முடிகிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் கற்பித்தல் உதவியாளர் பிரிவில் இரண்டாண்டு எம்.டெக்., ஆராய்ச்சி உதவியாளர் பிரிவில் மூன்றாண்டு எம்.டெக். என இருவகை உண்டு. கேட் மதிப்பெண்ணில் சற்றுப் பின்தங்கியவர்கள், நிரலெழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறி இரண்டாவது வகையில் நுழைவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுவழி எம்.எஸ். என்பது முற்றிலும் வேறு வாழ்க்கை. பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் பட்டம். பெரும்பாலோர் இரண்டு முதல் மூன்றாண்டுகளில் முடிக்கிறார்கள், ஆனால் எப்போது முடியும் என்பது கையிலுள்ள சிக்கலையும் வழிகாட்டும் பேராசிரியரையும் பொறுத்தது. சேரும்போது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். நடைமுறையில் ஒரு கைடைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் நேரில் பேசுங்கள். கடைசியாக முடித்தவர் எத்தனை ஆண்டில் முடித்தார், வாரந்தோறும் சந்திப்பு நடக்கிறதா, ஆய்வுக் கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்கள் தயங்காமல் பதில் சொன்னால் அந்த ஆய்வகம் நல்ல ஆய்வகம்.

எம்.எஸ். சேர்க்கையில் கேட் மதிப்பெண் வாசல்வரை மட்டுமே கொண்டுபோய் விடும். அதற்குப்பின் எழுத்துத்தேர்வும் நேர்காணலும்தான். நேர்காணலில் பொதுவாக எந்தப் பாடத்தில் கேட்கலாம் என்று நம்மிடமே கேட்பார்கள். நான் அல்காரிதம் என்றேன். நூறு எண்கள் கொடுத்தால் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் எத்தனை ஒப்பீடுகளில் கண்டுபிடிப்பாய் என்பது கேள்வி. பெரியதைக் காண 99, மீதமுள்ளவற்றில் சிறியதைக் காண 98, ஆக 197 என்பது யாருக்கும் தோன்றும் விடை. இரண்டிரண்டாக மோதவிட்டு 50 ஒப்பீடுகள், வென்ற ஐம்பதில் பெரியதைக் காண 49, தோற்ற ஐம்பதில் சிறியதைக் காண 49, மொத்தம் 148 என்று எழுதினேன். அதுவரை புத்தகத்தில் உள்ளது. ‘சரி, 147-இல் முடியாது என்று எப்படிச் சொல்வாய்?’ என்று கேட்டபோதுதான் நேர்காணல் உண்மையில் ஆரம்பித்தது. நான் முழு நிறுவலையும் தரவில்லை. ஒவ்வோர் ஒப்பீடும் அதிகபட்சம் எவ்வளவு செய்தியைத் தரமுடியும் என்று எண்ணிப் பார்க்கலாம் என்ற திசையைச் சொன்னேன், அவர்கள் ஒரு குறிப்புத் தந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அவர்கள் பார்த்தது அதைத்தான் என்று பின்னாளில் எனக்கும் ஆய்வகத்தில் உடன் படித்தவர்களுக்கும் புரிந்தது. விடை தெரியாத இடத்தில் வாயடைத்து நிற்கிறானா, உரக்க யோசிக்கிறானா என்பதே எம்.எஸ். நேர்காணலின் அளவுகோல், ஆய்வு என்பதே அந்த வேலைதானே.

இனி கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13, மீதி பாடப்பகுதிக்கு. தேர்ந்தெடுக்கும் வினாக்களில் ஒரு மதிப்பெண் வினா தவறினால் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் வினா தவறினால் மூன்றில் இரண்டு பங்கும் கழிப்பார்கள். எண்ணாக விடை எழுதும் வினாக்களுக்கும், 2021 முதல் வந்துள்ள ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் கொண்ட வினாக்களுக்கும் கழிப்பு இல்லை. ஆனால் பின்னதில் பாதி சரியாகச் சொன்னால் பாதி மதிப்பெண் என்ற சலுகையும் இல்லை. மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும் என்பதால், மூன்றாம் ஆண்டிலேயே ஒருமுறை எழுதிப் பார்ப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு முறையில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தனித்தடை உண்டு. நாம் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வரையறையும் பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்குப் படத்துடன் விளக்கமும் எழுதிப் பழகியவர்கள். தரவுத்தளப் பாடத்தில் ‘இயல்பு வடிவங்களை எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்றால் நான்கு பக்கம் எழுதிவிடுவோம். கேட் தேர்வு அப்படிக் கேட்பதில்லை. அ, ஆ, இ, ஈ என்ற நான்கு புலங்களைக் கொண்ட ஓர் அட்டவணையில், அ தெரிந்தால் ஆ தெரியும், ஆ தெரிந்தால் இ, இ தெரிந்தால் ஈ, ஈ தெரிந்தால் மறுபடி அ என்று சார்புநிலைகளைக் கொடுத்துவிட்டு, இதற்கு எத்தனை சூப்பர் கீ, அதாவது எல்லாப் புலங்களையும் தீர்மானிக்கும் புலத்தொகுப்புகள், என்று கேட்கும். ஒவ்வொரு புலமும் தனித்தே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பதால் நான்குமே கேண்டிடேட் கீ, அதாவது மேலும் சுருக்க முடியாத சூப்பர் கீ. ஆகவே வெற்றுக்கணம் தவிர்த்த எல்லா உட்கணங்களும் சூப்பர் கீ, விடை 15. மனப்பாடம் செய்த வரையறையால் இதில் ஒரு மதிப்பெண்கூட வராது. வரையறையைப் பயன்படுத்தத் தெரிந்தால் அரை நிமிடத்தில் வந்துவிடும். எனவே ஒரு பாடத்தைப் படித்து முடித்த அன்றே அந்தப் பாடத்தின் பழைய கேட் வினாக்களைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பாடமும் முடியட்டும், பிறகு வினாக்களைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் ஜனவரியில் தவித்ததைக் கண்டிருக்கிறேன். பாடம் விளங்காத இடங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் இலவசமாக வழங்கும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளே போதும், பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வது அவரவர் ஒழுங்கைப் பொறுத்தது. திரையில் வரும் கால்குலேட்டரை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். கேச் நினைவகக் கணக்கின் நடுவில் அதன் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் ‘டி.ஏ.’ என்று தனித்தாள் வந்திருக்கிறது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், எந்திரக் கற்றல் ஆகியவை அதில் முன்னே நிற்க, இயங்குதளம், கம்பைலர் போன்றவை இல்லை. கணிதத்தில் பிடிப்புள்ளவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் பட்டத்தின் பெயரில் செயற்கை நுண்ணறிவு என்று இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. பொதுவான கணினி அறிவியல் எம்.டெக். படிப்பிலும் அதே பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்க முடியும்.

மதிப்பெண் வந்தபின் குழப்பமே விண்ணப்பத்தில்தான். ஐ.ஐ.டி.களுக்கும் ஐ.ஐ.எஸ்.சி.க்கும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்; சி.ஓ.ஏ.பி. என்ற பொது இணையதளம் சேர்க்கை அழைப்புகளைக் காட்டி நம் முடிவைப் பெறும் இடம் மட்டுமே. அதில் பதிந்துவிட்டோம், அழைப்பு தானாக வரும் என்று காத்திருந்து ஓராண்டை இழந்தவர்கள் உண்டு. அழைப்பு வந்ததும் ஏற்று முடித்துக்கொள்ளலாம், கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம், அல்லது மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். மறுத்தது மீண்டும் வராது. ஆய்வுவழிப் படிப்புகளின் சேர்க்கை பெரும்பாலும் இதற்கு வெளியே, அந்தந்தத் துறையின் அறிவிப்பின்படி நடக்கும். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற ஒரே கலந்தாய்வு. தமிழ்நாட்டில் கிண்டி உள்ளிட்ட கல்லூரிகளின் எம்.இ. இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு 2023 முதல் இருக்கிறது. கேட் மதிப்பெண்ணும் செல்லும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கேட் தகுதியுடன் சேர்ந்தால் அதே 12,400 ரூபாய் கிடைக்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

கேட் பக்கமே போகாத ஒரு வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., கணினி அறிவியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது, தனி நுழைவுத்தேர்வு, அதில் நிறுவல் எழுதத் தெரிய வேண்டும். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எம்.டெக். கணினி அறிவியல் உண்டு. அங்கும் கணிதத்துக்கு முதலிடம். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் கோட்பாட்டுக் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் தருகிறது. தானியங்கிக் கோட்பாடு பாடத்தை மற்றவர்கள் சபித்துக்கொண்டு படித்தபோது நீங்கள் மட்டும் ரசித்திருந்தால், இந்த மூன்று இடங்களையும் பார்க்காமல் எம்.டெக். விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை முதல் கேள்வி பணம். அமெரிக்காவில் எம்.எஸ். சேரும் பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் போகிறார்கள். முடித்தபின் 12 மாதமும், அறிவியல், தொழில்நுட்பப் பட்டத்துக்குக் கூடுதலாக 24 மாதமும் அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு என்பதை வைத்தே கடனடைப்புக் கணக்குப் போடப்படுகிறது. அந்தக் கணக்கில் வேலை தேடும் மாதங்களையும் சேர்த்துப் போடுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அத்தகையோரிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. இந்திய மாணவர்கள் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஓராண்டுச் செலவுத் தொகையை, மாதந்தோறும் ஓர் அளவு மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நம் பி.இ. பாடத்திட்டத்தை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதால், எட்டுப் பருவத்துப் பாடத்திட்ட நகல்களையும் கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே முத்திரையுடன் வாங்கி வைப்பது நல்லது.

ஆசிரியர் பணியை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. எம்.எஸ். படித்தால் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது என்று இன்றும் சிலர் சொல்லி வருகிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிமுறை எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். மூன்றையும் ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது. இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும், பாடப்பிரிவு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். முனைவர் பட்டம்வரை போவது உறுதி என்றால் பி.இ. முடித்த கையோடு நேரடி பி.எச்டி.க்கும் விண்ணப்பிக்கலாம், 2023-இல் உயர்த்தப்பட்ட உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அந்த உறுதி இன்னும் வராதவர்கள் எம்.எஸ். படிப்பில் சேர்ந்து ஓராண்டு ஆய்வகத்தில் இருந்து பார்க்கலாம், பல ஐ.ஐ.டி.களில் அங்கிருந்தே பி.எச்டி.க்கு மாறிக்கொள்ள இடம் தருகிறார்கள்.